சபுராளியின் செலவுக் கணக்கு

 



ஜூலை மாதம் வந்துவிட்டால் நம் பள்ளியின் ஸஃப்புகளில் வாசனை மாறிவிடுகிறது. புது அத்தர், புதுச் சட்டை, லீவில் வந்திருக்கும் சபுராளிகள். தொழுகை முடிந்ததும் வெளிப்பள்ளியில் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம். "எப்ப வந்தீங்க காக்கா?" என்று கேட்கிறோம். "அங்க எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதில் எந்தச் சந்தேகமும் இல்லை. எந்த நிலையிலும் சொல்ல வேண்டிய சொல் அது. அதற்குப் பின்னால் வருகிற "நல்லா இருக்கு" என்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அது உண்மையா? உண்மை இல்லை என்றால் அது பொறுமையா, மறைப்பா? நாம் அங்கே வாழ்வதற்கு ஆகும் விலையை நம் வீட்டாரிடமிருந்து மறைக்க நமக்கு உரிமை இருக்கிறதா? இதைப் பற்றி மிம்பரில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசத் தயங்குவதற்கு எனக்கே ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. துபாயை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது போன ஊர் அது. "வரி இல்லாத ஊர்" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் 2018 ஜனவரி முதல் வாங்கும் பெரும்பாலான பொருளுக்கு 5 சதவீதம் வாட் வரி உண்டு. வீடு எடுத்திருந்தால், ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை நகராட்சிக் கட்டணமாக மாதம் பிரித்து கரண்ட், தண்ணீர் பில்லோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். வண்டி வைத்திருந்தால் சாலிக் கதவுகளைத் தாண்டும்போதெல்லாம் பணம். 2007-ல் ஒரு தடவைக்கு 4 திர்ஹமாகத் தொடங்கியது, 2025-லிருந்து நெரிசல் நேரங்களில் 6 திர்ஹம்.

இது கொஞ்சம் வசதியானவரின் கணக்கு. நம்மில் அதிகம் பேர் வீடு எடுப்பதில்லை, கட்டில் எடுக்கிறோம். பெட் ஸ்பேஸ். ஒரு மனிதருக்கு 2,500 திர்ஹம் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேராவில் கட்டிலுக்கு 700. மெஸ் 400. பஸ், மெட்ரோ பாஸ் 230. போன், நெட் 100. சோப்பு, சலூன், டீ, துணி தேய்ப்பு எல்லாம் சேர்த்து 150. கூட்டிப் பாருங்கள், 1,580 போய்விட்டது. மிச்சம் 920 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 21,160 ரூபாய். இதில் காய்ச்சல் வரக்கூடாது, பல் வலிக்கக்கூடாது, ஊரில் யாருக்கும் கல்யாணம் நடக்கக்கூடாது. விசாவுக்கு வாங்கிய கடனுக்கும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இங்கே நம் தெருவில் வீடு கட்டுகிறார்களே, அந்தக் கொத்தனாரிடம் அவருடைய மாதக் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அவர் இரவு தன் பிள்ளைகளோடு சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அதனால் டாலருக்கு எதிரே நம் ரூபாய் விழும்போதெல்லாம் திர்ஹத்துக்கு எதிரேயும் விழும். விழுந்த அன்று எக்சேஞ்ச் வாசலில் வரிசை நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். சொந்த நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன கூட்டம் நாங்கள். வீட்டில் என்ன நினைக்கிறார்கள்? "போன வருஷத்தை விட இந்த வருஷம் கூட வருது, சம்பளம் ஏறியிருக்கு." சம்பளம் ஏறவில்லை. அங்கே திர்ஹத்தில் வாங்குகிறோம், திர்ஹத்தில் வாடகை கொடுக்கிறோம். வாடகை மட்டும் ஏறியிருக்கிறது.

இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2003-லிருந்து ஆறு வருடம் நான் தேராவில் இருந்தேன். ஆலிம் பட்டம் வாங்கி, ஊரில் சில வருடம் ஓதிக்கொடுத்தேன், வாப்பாவின் கடனுக்காக ஒரு கடையில் கணக்கெழுதப் போனேன். ஃபிரிஜ் முராரில் இரண்டு அறை கொண்ட ஒரு பழைய ஃபிளாட். என் பெயரில் எடுத்து, பத்துப் பேருக்கு மேலும் கீழுமாகக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தேன். ரூம் என் பொறுப்பு. வாடகை வசூலிப்பது, கேஸ் மாற்றுவது, ஃபஜ்ருக்கு எழுப்புவது எல்லாம் நான்தான். ஆலிம் நடத்தும் ரூம் என்பதால் ஊரில் நல்ல பெயர்.

ஒரு நாள் நம் ஊர்ப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான், பத்தொன்பது இருபது வயது இருக்கும். இடம் இல்லை. "எங்கயாவது ஒரு ஓரம் கொடுங்க ஹஜ்ரத்" என்றான். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடை இருந்தது. அதில் பிளைவுட் பலகை ஒன்றை வைத்து மறைத்து, ஒற்றைக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் கிடையாது. இரவு இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து வருபவர் அவன் தலைமாட்டைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும். மாதம் 350 திர்ஹம் வாங்கினேன். அடுத்த வருடம் 450 ஆக்கினேன். சகோதரர்களே, அந்தப் பணம் வந்த பிறகு நான் தங்கியிருந்த கட்டிலுக்கு எனக்குச் செலவே இல்லை. பையனுக்கு உதவி செய்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உதவியும்தான். அவனுக்கு வேறு எங்கும் அந்த விலைக்குக் கிடைத்திருக்காது. ஆனால் உதவி எந்த மாதத்தில் வியாபாரமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

லீவில் ஊருக்கு வந்தபோது அவனுடைய உம்மா ஒரு தூக்குச் சட்டியில் நெய்ச்சோறு கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். "எம் புள்ள தனி ரூம்ல இருக்கானாமே, ஹஜ்ரத் பக்கத்துலயே இருக்கறதால எனக்கு நிம்மதி" என்று சொல்லி அழுதார்.

தனி ரூம். அவன் பொய் சொல்லவில்லை என்றுகூட வாதிடலாம், பலகை வைத்து மறைத்த இடம் தனிதானே. நான் அந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தன் உம்மா கவலைப்படக்கூடாது என்று மறைத்தான். அந்த மறைப்பு அவன் உம்மாவைக் காப்பாற்றியதை விட என்னைத்தான் அதிகம் காப்பாற்றியது. அவர் உண்மை தெரிந்து வந்திருந்தால், "ஆலிமாச்சே, நடையில படுக்க வெச்சு 450 வாங்குறீங்களே" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதும், நான் 350-க்கு இறங்கியிருப்பேன். பல வருடம் கழித்து அந்தத் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்" என்றார். மன்னித்தேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இன்றுவரை அது என் மனதில் இருக்கிறது.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம்.

மறைப்பவர்களுக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. கஷ்டத்தை மனிதர்களிடம் சொல்லிப் புலம்பாமல் இருப்பது பொறுமையின் அழகு. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து கண் வெளுத்துப் போகும் அளவுக்குக் கவலைப்பட்டார்கள். ஆனாலும் தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாகச் சொன்னார்கள் என்று சூரா யூசுஃபில் படிக்கிறோம். "அப்படியிருக்க, நான் ஏன் என் மனைவியிடம் போய் மூட்டைப்பூச்சியையும் வாடகையையும் சொல்ல வேண்டும்?" இப்படிக் கேட்பவர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முறையீடு வேறு, கணக்கு வேறு என்று நினைக்கிறேன். "என் தலைவிதி இப்படி ஆகிவிட்டதே" என்பது முறையீடு. "சம்பளம் 2,500, செலவு 1,580" என்பது கணக்கு. யஃகூப் (அலை) அவர்களும் தம் துயரத்தைத்தான் அல்லாஹ்விடம் வைத்தார்களே தவிர, வீட்டில் தானியம் தீர்ந்துபோனதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்கவில்லை. பஞ்சம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பிள்ளைகள் மிஸ்ருக்குத் தானியம் வாங்கப் போனார்கள்.

முஸ்லிம் நூலில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். விரலில் ஈரம் படுகிறது. மேலே காய்ந்த தானியம், அடியில் நனைந்தது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் அவர். அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

இது வியாபாரத்தைப் பற்றிய ஹதீஸ். மனைவியிடம் சம்பளத்தைச் சொல்லாதவர் மோசடிக்காரர் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சண்டை போடாதீர்கள். ஆனால் அந்த வியாபாரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழை பெய்தது அவர் தவறில்லை. தானியம் நனைந்ததும் அவர் தவறில்லை. நனைந்ததை அடியில் வைத்ததுதான் தவறு, ஏனென்றால் வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். லீவில் நாம் கொண்டுவரும் பெட்டியும் ஒரு குவியல்தான். மேலே டாங், நிடோ, கோடாலித் தைலம், போர்வை, பிள்ளைகளுக்கு சாக்லேட். அடியில் இருப்பதை யாரும் கைவிட்டுப் பார்ப்பதில்லை. அந்தக் குவியலைப் பார்த்துத்தான் வீட்டில் மாடி எடுக்க முடிவெடுக்கிறார்கள். தங்கச்சிக்கு இத்தனை பவுன் என்று பேசி முடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு விசாவுக்குப் பணம் கட்டுகிறான். அந்தப் பையனிடம் வட்டிக்கு வாங்காதே என்று மிம்பரிலிருந்து சொல்லும் நாம், அவன் எதை நம்பி வாங்கினான் என்று கேட்பதில்லை.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இன்னொரு செய்தி. ஒரு பெண்மணி, தன் கணவர் கொடுக்காததையும் கொடுத்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்வது குற்றமாகுமா என்று கேட்கிறார். இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யால் ஆன இரண்டு ஆடைகளை உடுத்தியவருக்கு ஒப்பிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆலிம்கள் இதற்குப் பல விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம், ஊருக்கு வருவதற்கு முந்தின இரவு கிரெடிட் கார்டில் ஒரு புதுச் சட்டை, ஒரு வாட்ச் என்று வாங்கும் நம் ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வீட்டாரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹிந்த் (ரலி) அவர்கள் நபியிடம் வந்து, கணவர் அபூசுஃப்யான் கைச்சுருக்கமானவர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். நியாயமான அளவுக்கு அவருடைய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். இந்த ஹதீஸை நாம் மனைவியின் உரிமைக்கு ஆதாரமாகச் சொல்கிறோம், அது சரி. ஆனால் நியாயமான அளவு எது என்று ஹிந்துக்கு எப்படித் தெரிந்தது? கணவரிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே மக்காவில், ஒரே வீட்டில் இருந்தார்கள். சூரா தலாக்கின் ஏழாவது வசனம், வசதி உள்ளவர் வசதிக்கு ஏற்பவும், நெருக்கடியில் இருப்பவர் தனக்குக் கிடைத்ததற்கு ஏற்பவும் செலவு செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கணவர் நெருக்கடியில் இருப்பதே மனைவிக்குத் தெரியாது என்றால், இந்த வசனத்தின்படி அவர் நடப்பது எப்படி?

ஹிஜ்ரி 18-ல் மதீனாவில் பெரும் பஞ்சம். சாம்பல் ஆண்டு என்று வரலாற்றில் பெயர். அப்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் தொட்டு ரொட்டி சாப்பிட்டு வயிறு இரைந்தது, மேனி நிறமே மாறிப்போனது என்று எழுதுகிறார்கள். இந்தச் சம்பவத்தைச் சொல்லி, "அங்கே மகன் குப்பூஸும் பருப்பும் சாப்பிடுகிறான், இங்கே நீங்கள் ஆட்டுக்கறி கேட்கிறீர்களே" என்று பெண்களைக் கண்டிக்கும் பயான்களைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். உமர் (ரலி) அவர்களுக்குச் சந்தை நிலவரம் தெரியும், அதனால் நிறுத்தினார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குத் தேராவின் நிலவரத்தை யார் சொன்னது? சொன்னால் நிறுத்தமாட்டார்கள் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம். பல வீடுகளில் அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் சரி என்றும் பார்த்திருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அந்த மனிதரின் சொந்த உடம்பு இருக்கிறது. அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் வந்து தடுத்தார்கள். இறைவனுக்கு உரிமை இருப்பதைப் போல உனக்கும் உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். வணக்கத்துக்காகவே உடம்பை வருத்தக்கூடாது என்றால், மூன்றாவது மாடிக்கு டைல்ஸ் போடுவதற்காக வருத்தலாமா? சர்க்கரைக்கு மாத்திரை வாங்காமல் அந்தப் பணத்தையும் சேர்த்து அனுப்பியவரை எனக்குத் தெரியும். அவர் பிள்ளைக்கு அது தெரிந்தது அவர் கால் விரலை எடுத்த பிறகுதான்.

குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி மக்களுக்கு விசா எடுக்க 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000-மும் தங்குமிடமும் வேண்டும். அது சட்டம் கேட்கும் குறைந்த அளவு. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும், பள்ளிக்கூடக் கட்டணமும், குடும்பத்தாருக்கான மருத்துவக் காப்பீடும் கட்டி வாழ முடியுமா என்பது வேறு கேள்வி. அதனால் வாடகை குறைவென்று ஷார்ஜாவில் குடியிருந்து, தினமும் இத்திஹாத் ரோட்டில் நெரிசலில் உட்கார்ந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு சேர்கிறார்கள். கணவனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனிமையில் புலம்பிய ஒரு பெண்ணின் குரலைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டு, படைவீரர்களுக்கு மாதக் கணக்கில் வரம்பு போட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறோம். இதைப் பற்றி இன்னொரு ஜும்ஆவில் பேச வேண்டும்.

இனி விலை. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் விலைவாசி ஏறியது. நீங்களே விலை நிர்ணயம் செய்யுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்தான் என்று சொல்லி, யாருடைய பொருளிலும் உயிரிலும் அநீதி செய்தவராக இல்லாமல் இறைவனைச் சந்திக்கவே விரும்புவதாகச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. "விலை அல்லாஹ் கையில், நான் என்ன செய்ய" என்று கட்டிலுக்கு 100 ஏற்றுபவர்கள் இந்த ஹதீஸைத்தான் காட்டுகிறார்கள். நானும் அந்த நடைக்கட்டிலுக்கு 100 ஏற்றியபோது மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஓதிய படிப்பு சில சமயம் இதற்கும் பயன்படுகிறது.

ஆனால் பதுக்கல் கூடாது என்று தடுத்ததும் அதே நபிதான். பஞ்சத்தாலோ வரத்துக் குறைவாலோ தானாக ஏறும் விலை வேறு, மக்களின் நெருக்கடியைப் பிடித்துக்கொண்டு ஏற்றும் விலை வேறு என்றும், இரண்டாவதில் ஆட்சியாளர் தலையிடலாம் என்றும் இமாம் இப்னு தைமிய்யா எழுதினார்கள். துபாய் அரசும் தலையிடத்தான் செய்தது. வாடகை எகிறிய காலத்தில், 2005 நவம்பரில் ஆண்டு உயர்வுக்கு 15 சதவீதம் என்று வரம்பு போட்டார்கள். பிறகு 7, பிறகு 5. இப்போது 2013-ன் 43-ஆம் எண் ஆணைப்படி, சந்தை வாடகையை விட எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமோ அதைப் பார்த்து, அதிகபட்சம் 20 சதவீதம் வரைதான் ஏற்றலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு யாருக்கு? பதிவு செய்த ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு. என் ஃபிளாட்டுக்கு அந்த வரம்பு பாதுகாப்பாக இருந்தது. என் நடையில் படுத்த பையனுக்கு எந்தக் காகிதமும் இல்லை. உரிமையாளருக்கு எனக்கு ஏற்ற உரிமை இல்லாத காலத்தில் நான் அவனுக்கு ஏற்றினேன். 350-லிருந்து 450 எத்தனை சதவீதம் என்று கணக்கெழுதிய எனக்குத் தெரியாதா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது அங்கே சட்டத்துக்கு விரோதம். ஒப்பந்தத்தை மீறுவது மார்க்கத்திலும் குற்றம்தான். 2025-ல் ரிக்கா, முரக்கபாத், சத்வா போன்ற இடங்களில் நகராட்சி இந்தப் பலகைத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. தீ வந்தால் வெளியே வர வழி இருக்காது என்பதுதான் அதன் காரணம். 2023 ரமலானில் தேரா அல் ராஸில் ஒரு கட்டிடத்தில் தீப்பிடித்து 16 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், நம் மாநிலத்தவரும் அதில் இருந்தார்கள். தடுப்பை எடுத்தால் கட்டில் வாடகை இன்னும் ஏறும் என்பதும் உண்மை. ரூம் நடத்தும் நம் சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். லாபமே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் உரிமையாளருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி ரூம் கதவில் ஒட்டுங்கள். தானியத்தின் ஈரத்தை மேலே போடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் மனமொப்பிக் கொடுத்தால் அது உங்களுக்கு ஹலாலான லாபம்.

நேரமாகிவிட்டது. ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு.

மூன்று வாரத்துக்கு முன் லீவில் வந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். பதினொரு வருடமாக அங்கே இருக்கிறார். "ஹஜ்ரத், சம்பளத்தை வீட்டுல சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கடமையாக்க என்னிடம் நேரடி ஆதாரம் இல்லை, ஆனால் சொல்லுங்கள் என்றேன். என் நடைக்கட்டில் கதையையும் அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அவர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். சம்பளம், கட்டில், மெஸ், பாஸ், இரண்டு கார்டு பாக்கி. மனைவியிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லையாம். பிறகு ஒன்று மட்டும் கேட்டாராம்: "கட்டில் மேலயா, கீழயா?"

"மேல" என்றாராம் இவர். நாற்பத்தாறு வயது, முட்டிவலி உள்ளவர்.

அவருடைய உம்மா மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேத்திக்கு ஐந்து பவுன் போடுவதாகச் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார், அது இப்போது இரண்டாகிவிட்டது. அந்த அவமானம் அவருக்கு. அதுவும் லேசான விஷயம் இல்லை, யாரும் அதைச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம்.

அவர் வரும் பதினெட்டாம் தேதி திரும்பிப் போகிறார். கீழ்க்கட்டிலுக்கு மாதம் 50 திர்ஹம் கூட. காலியானால் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மனைவி. அவருக்காகவும், அந்தத் தாய்க்காகவும் துஆச் செய்யுங்கள்.

ஸஃப்பை நேராக்கிக்கொள்ளுங்கள்.